கிராம சபையில் தலித் மக்களின் குரல்: சட்டம் தரும் உரிமையும் ஊர் மறுக்கும் இடமும்

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சில நாள்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து நின்று ஊராட்சியின் வரவு செலவைக் கேள்வி கேட்கலாம். சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ பொதுமக்களுக்கு இத்தகைய உரிமை இல்லை. அங்கே பிரதிநிதிதான் பேசுவார். கிராம சபையில் குடிமகனே பேசுகிறார். இந்திய அரசமைப்பில் நேரடி மக்களாட்சிக்கு எஞ்சியிருக்கும் சிறு வெளி இது.

ஆனால் அந்த வெளி ஊருக்குள் அமைந்திருக்கிறது. ஊரோ, ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் பிரிந்து கிடக்கிறது. சட்டத்தின் முன் அனைவரும் ஒரே சபையின் உறுப்பினர்கள். கூட்டம் நடக்கும் இடத்தில் யார் நாற்காலியில் அமர்வது, யார் ஓரத்தில் நிற்பது, யார் பேசினால் பதிவேட்டில் ஏறும் என்பவற்றைப் பெரும்பாலும் சாதியே முடிவு செய்கிறது. கிராம சபையில் பேசும் உரிமை எங்கிருந்து வருகிறது, எந்தெந்தப் படிகளில் அது தலித் மக்களுக்கு மறுக்கப்படுகிறது, மறுக்கப்படும்போது சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

கிராம சபை என்பது யார்?

கிராம சபையையும் ஊராட்சி மன்றத்தையும் ஒன்றாகக் கருதுவது பரவலான குழப்பம். ஊராட்சி மன்றம் என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அடங்கிய, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. அதன் கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் உரியவர்கள் அந்த உறுப்பினர்களே. கிராம சபை அப்படியன்று. 73ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் வழி 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 243ஆம் உறுப்பு, ஊராட்சிப் பகுதிக்குள் அடங்கும் கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் பதிவு பெற்ற நபர்கள் அனைவரையும் கொண்ட அமைப்பாகக் கிராம சபையை வரையறுக்கிறது. எவரும் அழைத்து எவரும் உறுப்பினராவதில்லை. பதினெட்டு வயது நிறைந்து, பட்டியலில் பெயர் ஏறினால் அவர் உறுப்பினர். ஆகவே காலனியிலிருந்து வந்து ஒருவர் பேசும்போது அவர் சபைக்கு வந்த பார்வையாளரோ மனுதாரரோ அல்லர், சபையே அவர்தான்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, மூன்றாம் பிரிவில் கிராம சபையின் பணிகளைக் கூறுகிறது. கிராம வளர்ச்சித் திட்டத்துக்கும் ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளித்தல், கணக்குத் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் அளித்தல், திட்டங்களின் முன்னேற்றத்தை மதிப்பிடுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ள இடத்தில் கேள்வி கேட்கும் அதிகாரமும் உள்ளது. கேட்க முடியாத ஒன்றுக்கு ஒப்புதல் அளிப்பது வெறும் கையெழுத்தே. பேச்சுரிமை என்ற சொல் அப்பிரிவில் தனித்து எழுதப்படாவிட்டாலும், பணிகளின் இயல்பிலேயே அது அடங்கியிருக்கிறது. கருத்துரிமையை வழங்கும் அரசமைப்பின் 19ஆம் உறுப்பு அதற்கு மேலும் வலுச் சேர்க்கிறது.

சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது இரு கூட்டங்களைக் கட்டாயமாக்குகிறது. நடைமுறையில் சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் கூட்டங்கள் நடந்துவந்தன. 2022இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவற்றைச் சேர்த்து ஆறு கூட்டங்கள் என அரசு அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின.

பழம்பெருமையும் புதிய உரிமையும்

கிராம சபையைப் பற்றிப் பேசும் மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு தவறாமல் நினைவுகூரப்படுகிறது. சோழர் காலத்துக் குடவோலை முறையே இன்றைய உள்ளாட்சியின் மூலம் என்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டைப் படித்தால் வேறொன்றும் புலப்படும். அது பிராமணக் குடியிருப்பு ஒன்றின் சபை. அதில் இடம்பெறக் கால்வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேத அறிவும் வேண்டும்; வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மிகாமலும் இருக்க வேண்டும். நிலமற்ற உழைப்பாளிகளுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. தேர்தல் முறையின் நுட்பத்துக்காக அதனைப் போற்றலாம்; தலித் மக்களின் உரிமைக்கு அதில் வேர் தேட இயலாது.

அந்த வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவலகங்களின் வளாகத்துக்குள்ளும் ஒடுக்கப்பட்டோர் செல்லத் தடையில்லை என்று அறிவிக்கச் செய்தது. பொது இடத்தில் கால்வைக்கும் உரிமையைக் கோரிப் பெறாமல், அங்கே பேசும் உரிமையை எண்ணியும் பார்த்திருக்க முடியாது.

1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா விவாதத்துக்கு வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குத் தனி இட ஒதுக்கீடு இல்லாத பஞ்சாயத்துகளிடம் அதிகாரத்தை ஒப்படைப்பதை அண்ணல் அம்பேத்கர் எதிர்த்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அவர் ஆற்றிய உரை, கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் இருப்பிடமாகக் கண்டது. வரைவில் கிராமம் அன்றித் தனிமனிதரே அடிப்படை அலகாகக் கொள்ளப்பட்டதை அவர் வரவேற்றார். அதே மாதம் கே. சந்தானம் முன்மொழிந்த திருத்தத்தின் வழியே கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய 40ஆம் உறுப்பு அரசமைப்பில் இடம்பெற்றது.

இவ்விரு நிலைப்பாடுகளும் 1993இல் ஒருவாறு சந்தித்தன. ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி கிடைத்தது. 243-டி உறுப்பின் வழி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இட ஒதுக்கீடும் கட்டாயமானது. ஆனால் இட ஒதுக்கீடு நாற்காலிக்கு மட்டுமே பொருந்தும். சபையில் எழுந்து நிற்கும் சாதாரண வாக்காளரைக் காக்கும் ஏற்பாடு எதுவும் அரசமைப்பில் தனியே செய்யப்படவில்லை.

குரல் எங்கே தடைபடுகிறது?

பேசாதே என்று எவரும் நேரடியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் குரலைக் கழித்துவிட முடியும்.

முதலாவது, அறிவிப்பு. கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம், பொருள் ஆகியவை முன்னதாக மக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நெடுங்காலம் இவ்வறிவிப்பு தண்டோரா வழியே நடந்தது. பறையடித்து ஊருக்குச் செய்தி சொன்னவர் தலித். கூட்டத்தில் ஓரமாக நின்றவரும் அவரே. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இழிவு நீங்க வேண்டியது கட்டாயம். அதே வேளையில் ஒலிபெருக்கி வாகனம் காலனித் தெருவுக்குள்ளும் வருகிறதா என்பதைக் கவனிக்கும் பொறுப்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, இடம். கோயில் மண்டபத்திலும் ஊர்ப் பொதுத் திடலிலும் கூட்டம் நடந்தால் காலனி மக்கள் வரத் தயங்குவர். வந்தாலும் எல்லைக்கு வெளியே நிற்பர். கிராம சபைக் கூட்டத்தை மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அந்த ஒரு வரி, தலித் மக்களின் பங்கேற்பைப் பொறுத்தவரை பல பக்கச் சுற்றறிக்கைகளைவிட மதிப்புமிக்கது. ஆயினும் கோயிலுக்கு எதிரே உள்ள மரத்தடியும், ஆதிக்க சாதியினரின் தெருவின் நடுவே உள்ள சமுதாயக் கூடமும் இத்தடைக்குள் வருவதில்லை.

மூன்றாவது, நேரம். கூட்ட நாள்களில் பெரும்பாலானவை விடுமுறை நாள்களே ஆயினும், கூலித் தொழிலாளிக்கு வயலிலும் கட்டடப் பணியிலும் விடுமுறை கிடையாது. முற்பகல் பதினொரு மணிக்குக் கூடும் சபை, அன்றாடம் உழைப்பவரை இயல்பாகவே விலக்கிவிடுகிறது.

நான்காவது, பொருள்நிரல். சுற்றறிக்கையில் வரும் பொருள்களை ஊராட்சிச் செயலர் விரைந்து வாசித்து முடிக்கிறார். இடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பட்டா என்று காலனியின் கோரிக்கைகள் ‘இதர பொருள்கள்’ என்ற கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகின்றன. அதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

ஐந்தாவது, பதிவேடு. இதுவே மிக முக்கியமானது. வந்தவுடன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பின்னர் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊராட்சிகளில் உள்ளது. கூட்டம் செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு தேவை. 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். இவ்வெண்ணிக்கையை நிறைக்கக் காலனி மக்களின் கையெழுத்து வேண்டும். அவர்களின் கருத்து வேண்டியதில்லை. சபையில் உரக்கச் சொல்லப்பட்டாலும் பதிவேட்டில் ஏறாத கோரிக்கை, சட்டத்தின் பார்வையில் சொல்லப்படாத கோரிக்கையே.

ஆறாவது, கூட்டத்துக்குப் பின்னர் நேர்வது. கேள்வி கேட்டவர் மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டிய வயல், கேள்விக்கு உள்ளானவரின் உறவினருடையதாக இருக்கலாம். ஆடு மேயும் நிலம், கடன் வாங்கும் கை, பாதையாகப் பயன்படும் வரப்பு ஆகிய அனைத்தும் பிறர் வசம் இருக்கையில், ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஆண்டு முழுவதும் விலை கொடுக்க நேரிடும். தலித் பெண்களுக்கு இந்தச் சுமை இருமடங்கு. ஊரின் பகையோடு வீட்டின் கட்டுப்பாட்டையும் தாண்டியே அவர்கள் எழுந்து பேசுகின்றனர்.

அதிகாரத்தைக் கேள்வி கேட்பதன் விலை சில வேளைகளில் கூட்டத்திலேயே வசூலிக்கப்படுகிறது. 2023 அக்டோபர் 2 அன்று விருதுநகர் மாவட்டம் திருவில்லிபுத்தூர் அருகே பிள்ளையார்குளம் ஊராட்சியின் கிராம சபையில், கேள்வி எழுப்பிய விவசாயி ஒருவரை ஊராட்சிச் செயலர் எட்டி உதைத்த காணொலியை மாநிலமே பார்த்தது. செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பலர் முன்னிலையில், படம் பிடிக்கப்படும் சூழலிலேயே ஒரு விவசாயிக்கு இது நேருமானால், காலனியைச் சேர்ந்த ஒருவர் வாய் திறக்குமுன் எதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

தலைவரே தரையில் அமர்ந்தால்

கிராம சபைக்குத் தலைமை ஏற்பவர் ஊராட்சித் தலைவர். தனித் தொகுதியில் தலித் ஒருவர் தலைவரானால் சபையின் நிலை மாறும் என்பது இட ஒதுக்கீட்டின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை முறியடிக்க நடந்தவை தமிழ்நாட்டு வரலாற்றில் பதிந்துள்ளன. மதுரை மாவட்டம் மேலவளவு தனி ஊராட்சியானதை ஏற்காத ஆதிக்க சாதியினர், 1997 சூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றனர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலே முறையாக நடக்கவில்லை. வேட்பு மனு தாக்கல் தடுக்கப்பட்டது. வென்றவர்கள் உடனே பதவி விலகச் செய்யப்பட்டனர். 2006இல்தான் அவற்றுக்குத் தலைவர்கள் நிலையாக அமைந்தனர். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியின் கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பங்கேற்றார், ஊராட்சித் தேர்தலே நடக்கவிடாத ஊரில் சபை கூடியது என்ற அளவில் அது குறிப்பிடத்தக்க நிகழ்வு.

ஆனால் 2020 அக்டோபரில் வெளியான ஒரு படம் வேறு கதையைச் சொன்னது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமரவைக்கப்பட்டிருந்தார். தலித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றித் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதிசெய்யுமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்குத் தனியே அறிவுறுத்த வேண்டியிருந்தது. தலைமை வகிப்பவரே தரையில் அமரும் அவையில், அவர் சார்ந்த தெருவின் மக்கள் எழுந்து பேசுவதை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 உடன் முடிவுற்று, 28 மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்தல் இல்லாதபோது இட ஒதுக்கீடும் செயலற்றுப் போகிறது; தனித் தொகுதித் தலைவர் என்ற பதவியே அங்கே இல்லை. அத்தகைய காலத்தில் தலித் மக்களுக்கு எஞ்சும் ஒரே உள்ளாட்சி மேடை கிராம சபை.

பேசினால் பயன் உண்டா?

உண்டு என்பதற்குச் சான்றுகள் உள்ளன. திமோத்தி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் ஆகியோர் தென்னிந்திய மாநிலங்களில் மேற்கொண்டு 2005இல் வெளியிட்ட ஆய்வு, கிராம சபை கூடிய ஊர்களில் நலத்திட்டங்கள் நிலமற்றவர்களையும் எழுத்தறிவற்றவர்களையும் கூடுதலாகச் சென்றடைந்ததைக் கண்டது. சபை ஒழுங்காகக் கூடுவதே பயனாளிப் பட்டியலை ஓரளவு நேர்செய்கிறது என்பது இதன் பொருள். தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் உரையாடல் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, பெண்கள் பேசும் வாய்ப்பும் அவர்கள் பேச்சுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பும் ஆண்களைவிடக் குறைவு என்றும், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது மேம்படுகிறது என்றும் காட்டியது. தலைமை யாரிடம் இருக்கிறது என்பது, யாருக்குப் பதில் கிடைக்கிறது என்பதை மாற்றுகிறது.

சபையின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒடிசாவின் நியாம்கிரி எடுத்துக்காட்டு. பாக்சைட் சுரங்கம் குறித்துக் கிராம சபைகள் முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. அதற்கு வன உரிமைச் சட்டத்தின் தனிப்பட்ட பலம் துணைநின்றது. எல்லாக் கிராம சபைத் தீர்மானங்களுக்கும் அதே பலம் இல்லை. ஆயினும் எளிய மக்கள் சபையில் சொன்ன சொல், பெருநிறுவனத்தின் திட்டத்தை நிறுத்தியது என்பது வரலாறு.

சட்டப் பாதுகாப்பும் அதன் இடைவெளியும்

2015இல் திருத்தப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள பட்டியல் சாதியினர், பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டத்தின் 3(1)(எம்) பிரிவு, ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை அவர்தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. நாற்காலி மறுப்பதும் கொடியேற்ற மறுப்பதும் இப்பிரிவின்கீழ் வரும்.

கவனிக்க வேண்டியது, இப்பிரிவு பதவியில் இருப்பவரை மட்டுமே காக்கிறது என்பதே. கிராம சபையில் பேச எழும் சாதாரண உறுப்பினருக்கு வேறு பிரிவுகளையே நாட வேண்டும். பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதித்தாலோ மிரட்டினாலோ 3(1)(ஆர்), சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 3(1)(எஸ்), பொது இடத்துக்குள் நுழையத் தடுத்தால் 3(1)(இசட்ஏ), பேசியதற்காக ஊர்விலக்கமோ பொருளாதாரப் புறக்கணிப்போ நிகழ்ந்தால் 3(1)(இசட்சி) பொருந்தும். அவமதிப்பு பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) வலியுறுத்தியது. கிராம சபையைவிடப் பொதுமக்கள் பார்வைக்குத் தெளிவான இடம் வேறு இருக்க முடியாது.

ஆனால் சாதிப் பெயரைச் சொல்லாமல், கையோங்காமல், ஒலிவாங்கியைத் தராமல் இருப்பது எந்தக் குற்றம்? கோரிக்கையைக் கேட்டுக்கொண்டு பதிவேட்டில் எழுதாமல் விடுவது எந்தப் பிரிவில் வரும்? இவற்றுக்கு இச்சட்டத்தில் நேரடி விடை இல்லை. இன்றைய ஒடுக்குமுறையில் பெரும்பகுதி இந்த அமைதியான வடிவத்தையே எடுக்கிறது.

பேசுவோர் கைக்கொள்ள வேண்டியவை

கோரிக்கையை வாய்மொழியாக மட்டும் வைக்காமல், எழுதிக் கையெழுத்திட்டு இரு படிகளாகக் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்றில் செயலரின் ஒப்புகையைப் பெற வேண்டும். தனியொருவராகச் செல்வதைவிடத் தெருவாரியாகக் கூடிப் பேசி, பலர் கையெழுத்திட்டுச் செல்வது பழிவாங்கலின் குறியை ஒருவர் மீது விழாமல் காக்கும். தீர்மானங்கள் எழுதப்பட்டு, வாசிக்கப்பட்ட பின்னரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் கோரலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். சொன்னதற்கும் எழுதப்பட்டதற்கும் வேறுபாடு இருந்தால், ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம் அந்நகலுடன் முறையிடலாம்.

வன்கொடுமை நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கைக்கு முன் ஆரம்பகட்ட விசாரணை தேவையில்லை என்பதைச் சட்டத்தின் 18-ஏ பிரிவு தெளிவாக்குகிறது. காவல் நிலையம் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்து வழி அனுப்பலாம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர்மீது 4ஆம் பிரிவு பாயும். அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ உள்ள அரசு ஊழியருக்கு இப்பிரிவு பொருந்தாது.

மாற வேண்டியவை

தனிமனிதத் துணிச்சலை நம்பி ஓர் உரிமையை விட்டுவைக்க இயலாது. கேரளத்தில் கிராம சபை வார்டு அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. தமிழ்நாட்டிலோ பல குக்கிராமங்களுக்கும் சேர்த்து ஒரே சபை. அதில் சிறுபான்மையாக உள்ள காலனியின் குரல் எண்ணிக்கையிலேயே கரைந்துவிடுகிறது. முதலில் குடியிருப்பு அளவில் கூடி, அதன் தீர்மானங்கள் கிராம சபையின் பொருள்நிரலில் கட்டாயம் இடம்பெறும் முறையை விதிகளில் சேர்க்கலாம். கூட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் காலனியில் நடத்துவதைக் கட்டாயமாக்கலாம். ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்குச் செலவிடப்பட்ட தொகையைத் தனியே வாசிக்கச் செய்யலாம். தீர்மானங்களை அங்கேயே எழுதி வாசித்து, முழுக் கூட்டத்தையும் காணொலியாகப் பதிவு செய்து பாதுகாக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவை, கிராம சபையில் பங்கேற்கும் உறுப்பினருக்கும் விரிவாக்குமாறு நாடாளுமன்றத்தைக் கோரலாம். இவற்றுள் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

கிராம சபை சாதியை ஒழித்துவிடாது. ஆனால் சாதி, தன் செயலுக்குப் பொதுவெளியில் கணக்குச் சொல்ல வேண்டிய இடமாக அது அமையக்கூடும். இடுகாட்டுக்குப் பாதை ஏன் இல்லை என்று காலனிப் பெண் ஒருவர் கேட்கும்போது, அக்கேள்வி பதிவேட்டில் ஏற வேண்டும்; அதற்கான விடை அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். இந்த இரண்டும் நடக்கும் ஊரில்தான் 243ஆம் உறுப்பு நடைமுறையில் இருக்கிறது.